பழைய பொறிக்கும் ஒரு வாயில்



கணிப்பொறியின் வரலாறு என்றவுடன் புதியன புகுந்த கதையையே நாம் பேசுகின்றோம். பழையன பேணப்பட்ட கதையும் வரலாறே. அதில் ஒரு பகுதியை இன்று கூற விழைகின்றேன்.

பொறியிலுள்ள மென்பொருள், தனக்குரிய திருத்தங்களைத் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து பெறுகின்றது. அதற்கென எழுதப்பட்ட கட்டளைத் தொடர், சர்வரின் வாயிலைத் தட்டி, மறைமொழியில் உரையாடிப் பொருளைக் கொணர்கின்றது. அம்மறைமொழியோ காலந்தோறும் மாறியது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். முறையை வெளியிட்டது. 1999-இல் டி.எல்.எஸ். 1.0 தோன்றியது, 2008-இல் 1.2-உம், 2018-இல் 1.3-உம் வந்தன. 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் காப்புக் குறைந்தவை என்று கருதி, 2021 மார்ச்சில் இணையப் பொறியியல் பணிக்குழு அவற்றை விலக்கியது.

இங்கேதான் இடர்ப்பாடு எழுகின்றது. பழைய மொழி மட்டுமே அறிந்த பொறிக்குப் புதுமொழியைக் கற்பிக்கும் திருத்தமும் அதே வாயில் வழியாகத்தானே வரவேண்டும்? வாயிலை அடைத்தால் பொறி தன் குறையோடு வெளியே நிற்கும். அடைக்காவிடில் கள்வனுக்கும் வழி கிடைக்கும்.

சான்றிதழ்களுக்கும் ஆயுள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. பழைய பொறிகள் பல, குற்றமற்ற சர்வர்களையும் நம்ப மறுத்தன.

இதற்கு மாற்றாக மற்றொரு வழியும் இருந்தது. 1993-இல் ஐயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், 2007-இல் வெளிவந்த 4.0 பதிப்பு முதல், பாதையை மட்டும் நம்பாமல் பொருளின் மீதே முத்திரை வைத்தது. பொதிகளின் பட்டியலில் எண்முறைக் கையொப்பம் இருக்கும். ஒவ்வொரு பொதிக்கும் உரிய அடையாள எண்ணும் இருக்கும். வழியில் எவரேனும் பொருளை மாற்றினால் பொறியே கண்டுகொள்ளும். ஆகவே பழைய பதிப்புகளைக் காக்கும் சர்வர், மறைமொழி அறியாத பொறிக்கும் அவற்றை வழங்க இயலும்.

ஆயினும் முத்திரைச் சாவியும் ஒருநாள் காலாவதியாகும். அதனால், பழைய சாவி உயிரோடிருக்கும்போதே, அதன் கையொப்பத்துடன் புதிய சாவியை அனுப்பிவிடுகின்றனர். காலம் கடந்தபின் அனுப்பினால் அதைப் பொறி நம்பாது.

நாளை மென்பொருள் எழுதப்போகும் உங்களிடம் நான் கூற விரும்புவது இதுவே: ஒன்றைப் படைக்கும்பொழுதே, பிற்காலத்தில் அதைப் புதுப்பிக்கும் வழியையும் எண்ணிப் படையுங்கள். வாயிலைக் காப்பவன் பணி, படைப்பவன் பணிக்குத் தாழ்ந்ததன்று.