தலைக்கோலும் அமுதசுரபியும்: கணிகையின் கலை, துறவு, மந்திரம்

இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், குமுளிக்கு அருகே பெரியாற்றுக் காட்டினுள் அமைந்துள்ளது மங்கலதேவி கண்ணகி கோட்டம். ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலவன்று மட்டும் மக்கள் அங்கே சென்று வழிபடுகின்றனர். கண்ணகியின் நினைவு இவ்வாறு மலைமேல் தெய்வமாக நிலைபெற்றது. அவள் கதையிலேயே வரும் மாதவியோ பெரும்பாலும் கோவலனைப் பிரித்தவளாக மட்டுமே நினைக்கப்படுகிறாள். கலை, பாலியல் தொழில், சமயம், மந்திரம் ஆகிய நான்கும் தமிழ் இலக்கியத்தில் மிக நெருக்கமாகச் சந்திக்கும் இடம் மாதவியின் குடும்பமே.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி 7 ஆண்டு பயின்று 12 வயதில் சோழன் முன் ஆடுகிறாள். அதற்கு முன் நிகழ்வது ஒரு சடங்கு. பகை மன்னனிடமிருந்து கவர்ந்த குடையின் காம்பில் மணிகள் பதித்து, பொன்தகடு போர்த்தி, அக்கோலையே இந்திரன் மகன் சயந்தனாக வழிபடுகின்றனர். நீராட்டி, மாலை சூட்டி, ஊர்வலமாகக் கொண்டுவந்து அரங்கில் வைத்த பின்னரே ஆடல் தொடங்குகிறது. தெய்வம் ஏறிய அக்கோல்தான் தலைக்கோல். மன்னன் அவளுக்குத் தலைக்கோலிப் பட்டத்தோடு 1008 கழஞ்சு பொன் பெறும் மாலையையும் அளிக்கிறான்.

அடுத்து நிகழ்வது கவனிக்கத்தக்கது. அதே மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் திரியும் தெருவுக்கு எடுத்துச் செல்கிறாள். அதனை வாங்குவோர் மாதவிக்குக் கணவராவர் என்கிறாள். கோவலன் வாங்குகிறான். அரசன் கலைக்குத் தந்த சிறப்பே தெருவில் உடலுக்கான விலையாகிறது, தொகையும் மாறவில்லை. கலையின் புனிதமும் தொழிலின் வணிகமும் வெவ்வேறு உலகங்கள் அல்ல என்பதை இளங்கோ ஒரே மாலையைக் கொண்டு காட்டிவிடுகிறார். மாதவி ஆடும் 11 ஆடல்களும் தெய்வங்கள் ஆடியவையே. காமன் ஆடிய பேடியாடலும் அவற்றுள் ஒன்று.

கோவலன் கொலையுண்டபின் மாதவி பௌத்தத் துறவு மேற்கொள்கிறாள். மகள் மணிமேகலையைக் குலத்தொழிலுக்குத் திருப்ப முயல்பவள் பாட்டி சித்திராபதி; அவளுக்குத் துணையாவது இளவரசன் உதயகுமரனின் வேட்கை. இந்நெருக்கடியில்தான் மந்திரம் கதைக்குள் நுழைகிறது. வேற்றுருக் கொள்ளல், வான்வழிச் செல்லல், பசி தாங்கல் ஆகிய மூன்று மந்திரங்களை மணிமேகலா தெய்வம் அவளுக்கு அருள்கிறது. உதயகுமரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவிடுகிறாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. காமத்திற்கு உரியது எனப் பிறர் கருதிய உடல், பசி தீர்க்கும் உடலாக மாறுகிறது.

ஆனால் சாத்தனார் இம்மாற்றத்தை எளிதாக்கவில்லை. அமுதசுரபியில் முதற்பிச்சை இடத் தகுதியுடையவள் கற்புடைய ஆதிரை. அவள் கணவன் சாதுவனோ கணிகையிடம் பொருளிழந்தவன். கணிகை மரபில் வந்தவளின் அறம் இல்லறப் பெண்ணின் ஒப்புதலோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. உருமாற்றமும் இடரின்றி முடியவில்லை. காயசண்டிகையின் கணவன், இவளைத் தன் மனைவியென்றே எண்ணி, பின்தொடர்ந்து வந்த உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான்.

பின்னர் மணிமேகலை சேரரின் வஞ்சிக்குச் சென்று கண்ணகியின் படிமத்தைத் தாயெனத் தொழுகிறாள். இளம்பெண் என்பதால் சமயவாதிகள் உனக்குத் தம் பொருளை உரைக்கமாட்டார்கள். வேற்றுருக் கொண்டு கேள் என்கிறாள் கண்ணகி. மணிமேகலை மாதவ வடிவில் சென்று சமயக் கணக்கர்தம் கொள்கைகளைக் கேட்கிறாள். ஆடவர் வேட்கையிலிருந்து தப்ப உதவிய அதே மந்திரம் இங்கே அறிவுக்கான அனுமதிச் சீட்டாகிறது. அதை எடுத்துச் சொல்பவள், கணிகையால் கணவனைப் பிரிந்திருந்த பத்தினித் தெய்வம்.

தலைக்கோலிப் பட்டம் காப்பியத்தோடு முடியவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் அது பெண்களின் பெயரோடு வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தலைக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளிக்கப்பட்டன. சோழர் காலக் கோயிற்பெண்களைக் கல்வெட்டுகள் பெரிதும் கொடையாளர்களாகவே காட்டுகின்றன என்று லெஸ்லி ஓர் நிறுவியுள்ளார். பின்னாளைய தேவதாசி என்னும் ஒற்றைப் பெயருக்குள் அவர்களை அடக்குவது பொருந்தாது. 1947இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அது பலரைச் சுரண்டலிலிருந்து காத்தது. சடங்கிலும் அரங்கிலும் அம்மரபுப் பெண்களுக்கு இருந்த உரிமையும் அக்காலத்திலேயே கைமாறியது. அரங்கேற்றம் என்னும் சொல் இன்றும் நடன மேடையில் வாழ்கிறது. அதன் முதல் காட்சியில் தலைக்கோலும் மாலையும் ஒருசேர இருந்தன என்பதை நடன வரலாறு மறைக்காமல் எழுத வேண்டும்.