கஜலும் உறுமியும்

இசைக்கு உருகாத நெஞ்சம் இல்லை என்பர். ஆயினும், இசையைப் பெட்டியிற் கேட்பதற்கும் நேரிற் கேட்பதற்கும் வேற்றுமை உண்டு. பெட்டி பாடுங்கால் பாட்டு மட்டுமே நம்மிடம் வருகிறது. பாடுவோனும் கொட்டுவோனும் வருவதில்லை. நேரிற் கேட்குமிடத்தோ, அவர்களை எங்கே அமர்த்துவது, எவ்வாறு உபசரிப்பது என்னும் கேள்வி உடனே எழுந்துவிடும். ஒரு சமூகம் தன் கலைஞரை எவ்வளவு மதிக்கிறது என்பது அக்கேள்விக்கு அது தரும் விடையில் விளங்கும்.

தெப்ராவ் வட்டாரத்தில் தோட்டக் கிராணியாக இருந்துவரும் நாம், சென்ற ஆண்டு மலாய் நண்பர் ஒருவர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். பந்தலில் கம்பளம் விரித்த மேடைமீது கஜல் கோஷ்டியார் அமர்ந்திருந்தனர். ஆர்மோனியம், தப்லா, பிடில், காம்புஸ் என்னும் நரம்புக் கருவி ஆகியவை அவர்கள் முன் இருந்தன. மணமகனின் தந்தை தாமே தட்டேந்தி வந்து அவர்கட்குத் தேநீர் கொடுத்தார். தப்லா ஒலித்ததும் நம் கை நம்மை அறியாமல் தொடையில் தாளமிட்டது. அயலார் வீட்டில் நம் வீட்டுச் சமையல் மணந்தாற்போன்ற உணர்ச்சி உண்டாயிற்று. அஃது ஏன் என்று தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

கஜல் என்பது அராபியச் சொல். அராபியரிடம் பிறந்த அச்செய்யுள் வகை, பாரசீகத்தில் வளர்ந்து, இந்தியாவில் உருது மொழிப் பாட்டாக மலர்ந்தது. மலாய் நாட்டிற்கு அது வந்த வழியை இருவகையாகக் கூறுவர். இந்திய வணிகரோடு ரியாவ்-லிங்கா தீவுகளுக்கு வந்தது என்பார் சிலர். பார்சி நாடகக்காரரோடு வந்தது என்பார் வேறு சிலர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாடகக்காரர் பினாங்கில் இறங்கி ஆடினர். அவர்தம் ஆட்டத்தைக் கண்டு, 1885-இல் மாமாக் புஷி என்பார் அங்கேயே மலாய் மொழியில் பங்சாவான் நாடகக் குழுவைத் தொடங்கினார்.

ஜொகூர் ஆட்சியாளரின் இருப்பிடம் முன்னாளில் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்தது. 1855-இல் நீரிணைக்கு இப்பால் தஞ்சோங் புத்ரியில் புதிய ஊர் அமைந்தது. 1866-இல் அதற்கு ஜொகூர் பாரு என்னும் பெயர் வந்தது. தெலுக் பிளாங்காப் பெரியோர் இல்லங்களில் ஒலித்த கஜலும் அவர்களுடன் நீரிணையைக் கடந்தது என்பர். இங்கே அதற்குப் புதிய உடல் வாய்த்தது. சாரங்கி இருந்த இடத்தில் பிடில் வந்தது. சித்தார் இருந்த இடத்தில் காம்புஸ் வந்தது. உருதுப் பாட்டிருந்த இடத்தில் மலாய்ப் பாந்துன் வந்தது. இம்மாற்றம் செய்தோருள், பாக் லொமாக் என வழங்கப்பட்ட ஹாஜி மூசா பின் யூசோப்பைத் தலையாயவராகக் குறிப்பிடுவர். ஆர்மோனியமும் தப்லாவும் மட்டும் மாறாமல் நின்றன. அந்த ஆர்மோனியந்தானும் 1842-இல் பாரிஸ் நகரில் உரிமை பதிவு செய்யப்பெற்று, பின்னர் இந்தியாவில் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்ற கருவியே. இங்ஙனம் பல நாட்டுச் சரக்கும் கூடியதே ஜொகூர்க் கஜல். அதனை அயற்சரக்கென ஒதுக்காமல் தம்முடையதெனத் தழுவினர் ஜொகூர் மக்கள். இந்நாட்டின் அரசுப் பாட்டிற்கு 1879-இல் இசையமைத்தவரும் கலிஸ்தான் என்னும் ஆர்மீனியரே.

கூடி நின்று கேட்கும் இடங்களும் அக்காலத்தே பெருகின. சிங்கப்பூரில் 1923-இல் நியூ வோர்ல்டும், 1931-இல் கிரேட் வோர்ல்டும், 1937-இல் ஹேப்பி வோர்ல்டும் தோன்றின. பங்சாவானும், சீன நாடகமும், ரொங்கெங் ஆட்டமும், பிலிப்பைன்ஸ் வாத்தியக்காரர் முழக்கிய நடன மண்டபமும் அங்கே அடுத்தடுத்து இருந்தன. 1924-இல் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்டபின் ஜொகூர் மக்களுக்கும் அவை எட்டும் தூரமாயின. காசு கொடுத்து நுழைந்தவன் எக்குலத்தவன் என்று வாயிலில் யாரும் கேட்கவில்லை. அப்பூங்காக்கள் மூன்றும் இன்று மறைந்துபோயின.

நிற்க. நம்மவர் கதை என்ன? 1844-இல் தான் கீ சூன் என்னும் சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் குடியேற்றம் அமைத்துக் காம்பிரும் மிளகும் பயிரிடச் செய்தார். அவ்வகைக் குடியேற்றங்களை நடத்திய கங்சூ முறை 1917-இல் ஒழிந்தது. அதற்கு முன்னரே ரப்பர் பரவத் தொடங்கியிருந்தது. ரப்பரோடு தமிழரும் வந்தனர். தப்பும் உறுமியும் அவர்களோடு வந்தன. உறுமி இருமுகத் தோற்கருவி. வளைந்த குச்சியால் ஒருமுகத்தைத் தேய்க்க, அடிவயிற்றிலிருந்து எழும் விம்மல்போல ஒலிக்கும். மாரியம்மன் கோயில் வாசலும் லயத்து முற்றமுமே நமக்கு நியூ வோர்ல்டு.

ஆனால், கொட்டியவனுக்கு நாம் கொடுத்த இடம் எது? நாம் சிறுவராயிருந்தபோது ஒரு தோட்டத்துத் திருவிழாவில் முதியவர் ஒருவர் இரவெல்லாம் தப்படித்தார். அவர் அடிக்கு ஆடாத கால் இல்லை. விடிந்ததும் பந்தி போட்டார்கள். அவருக்கு மட்டும் பந்தலுக்குப் பின்னே மாட்டுக் கொட்டகை ஓரத்தில் இலை விழுந்தது. பெரியோர் எவரும் வாய் திறக்கவில்லை. நாமும் அதைப் பார்த்துக்கொண்டே பந்தியில் அமர்ந்து உண்டோம். அம்முதியவர் தம் மகனுக்கு அக்கலையைக் கற்பிக்கவில்லை. “நான் பட்டது போதும்” என்றார். அவரோடு அவர் அறிந்த அடிகளும் மண்ணுக்குள் போயின.

சாவுக்குக் கொட்டுவது மங்கலத்துக்கு ஆகாது என்று இதற்குச் சமாதானம் சொல்வோர் உளர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தெண்ணுகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உள்ள அரங்கை வகுத்துக் காட்டுகிறது; யாழோனையும் குழலோனையும் போலவே தண்ணுமை கொட்டுவோனையும் ஆசிரியனாக நிறுத்தி, அவன் புலமையை விரித்துரைக்கிறது. முன்னோர் ஆசிரியன் என்றவனை நாம் கொட்டகை ஓரத்தில் இருத்தினோம். பழந்தமிழ்ப் பெருமை பேசும் வாய்க்கு இது பொருந்துமா?

ஜொகூர்ப் பாரம்பரிய அறநிலையம் இன்று கஜலைப் பேணி வளர்க்கிறது. நம் உறுமியை அரசோ சங்கமோ காத்ததாகச் சொல்வதற்கில்லை. லயங்கள் இடிந்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளே உறுமி மேளக் குழுக்கள் கூட்டித் தைப்பூசத்தன்று வீதியில் முழங்குகின்றனர். அவர்களைக் கூச்சலிடும் கும்பல் என்று ஆங்கிலம் படித்த நாம் முகஞ்சுளிக்கிறோம். முகஞ்சுளிக்குமுன் ஒன்று நினைக்க வேண்டும்: தந்தை வெட்கி வைத்துவிட்ட கருவியை மகன் வெட்கமின்றி எடுத்திருக்கிறான். அவனுக்கு முறையாகக் கற்பிக்க ஆசிரியரையும், இருந்து வாசிக்க மேடையையும் தேடித் தருவது படித்தோர் கடன்.

பெருஞ்செலவு ஒன்றும் வேண்டா. நம் இல்லத்து அடுத்த திருமணத்தில் மேளக்காரருக்குக் கம்பளம் விரிப்போம். வீட்டுத் தலைவன் தானே தட்டேந்திச் செல்லட்டும். பந்தியில் முதல் இலை அவர்கட்கு விழட்டும். அம்முதியவருக்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கேனும் அன்று தீரும்.