சிங்கப்பூர் ஆறும் நிலத்தடிக் குழாய்களும்

சிங்கப்பூரின் வரலாற்றைக் கற்கும் மாணவர் எவரும் அதன் ஆற்றை அறியாதிருக்க மாட்டார். 1819இல் ராஃபிள்ஸ் கரையிறங்கியது அவ்வாற்றின் முகத்துவாரத்தில்தான். தொங்கான் படகுகளும் கரையோரப் பண்டகசாலைகளும் வாணிபத்தை வளர்த்த கதை பாடநூல்களில் உண்டு. அந்த ஆறு நாறியதும் பின்னர் நலம் பெற்றதும்கூட உண்டு. எனினும் ஒன்று விடுபட்டுப் போகிறது. ஆற்றின் அழுக்கு ஆற்றிலே பிறந்ததன்று. ஆகவே அதன் தூய்மையும் பெரும்பகுதி தெருக்களுக்கு அடியிலும் வீடுகளின் பின்கட்டிலுமே உருவாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவின் நகரப்பகுதியில் இருந்தவை வாளிக் கழிவறைகளே. கடைவீடுகளின் பின்சுவரில், தரையை ஒட்டி, ஒரு சிறு கதவு இருக்கும். அதனைத் திறந்து நிறைந்த வாளியை இழுத்தெடுத்து வெற்று வாளியை வைத்துச் செல்வர். காவடியில் இரு வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து செல்லும் சீனத் தொழிலாளர்கள் அதனைத் தோட்டக்காரர்களுக்கு உரமாக விற்றனர். மலம் விலையுள்ள பண்டமாக இருந்த காலம் அது. விலை போகாத எஞ்சிய கழிவோ சாக்கடைக்கும், சாக்கடை வழியே ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்பணியைச் செய்தோரைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகச் சுருக்கமாகவே பேசுகின்றன. வாளி சுமந்தோருள் சீனர் மிகுதி. தெருக்கூட்டுதல், சாக்கடைத் துப்புரவு, சாலைப்பணி ஆகியவற்றுக்கு நகராண்மைக் கழகம் அமர்த்திய கூலித் தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர். ஆளுநர்களின் பெயர்கள் சாலைகளுக்குச் சூட்டப்பட்டுள்ளன; அச்சாலைகளைத் தூய்மையாக வைத்திருந்தோரின் பெயர்களை எந்தக் கல்வெட்டிலும் காண்பதரிது. தமிழ் மாணவர்க்கு இதனைச் சொல்லாமல் சிங்கப்பூர் வரலாற்றைச் சொல்வது முறையாகாது.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் மற்றோர் இடமும் உண்டு. சிராங்கூன் சாலைப் பகுதியில் கால்நடை வளர்ப்பிலும் பால் வணிகத்திலும் ஈடுபட்டோருள் இந்தியர் பலர். அங்குள்ள ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரின் பொருளே எருமைத் தொழுவம் என்பதாகும். ரோச்சோர் ஆற்றின் நீரும் தாழ்நிலமும் கால்நடைகளுக்கு வசதியாயின. தொழுவங்களின் கழிவும் அந்நீரிலேயே கலந்தது. ஆற்றை அழுக்காக்கிய பழியை ஓர் இனத்தின்மீதோ ஒரு தொழிலின்மீதோ சுமத்த இயலாது என்பதற்காகவே இது குறிக்கத்தக்கது.

கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்து பெயர் பெற்ற பேராசிரியர் சிம்ப்சன் 1906இல் சிங்கப்பூருக்கு வந்து, மறு ஆண்டில் நகரின் சுகாதார நிலைபற்றி அறிக்கை வெளியிட்டார். ஒளியும் காற்றும் புகாத நெருக்கமான வீடுகளையும் கழிவு அகற்றும் முறையின் குறைகளையும் அவர் எடுத்துக்காட்டினார். கடைவீடுகளுக்குப் பின்னே சந்துகள் அமைக்க வேண்டும் என்றார். இன்று பழைய நகர்ப்பகுதியில் காணும் பின்சந்துகள் பல இவ்வகைச் சிந்தனையின் விளைவே. 1910களில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. அலெக்சாந்திரா சாலையில் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. ஆயினும் குழாய் எட்டியது நகரின் ஒரு பகுதியையே. வாளிமுறை அதன் பின்னரும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சிம்ப்சனின் அறிக்கை கண்முன் இருந்தும் குடியேற்ற ஆட்சி காட்டிய இம்மந்த கதியை மன்னிப்பது எளிதன்று.

காலதாமதத்துக்கு நிலத்தின் இயல்பும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. கழிவுநீர் தானே ஓடுவதற்குக் குழாய்க்குச் சரிவு வேண்டும். சமதரையில் சரிவு வைத்துக்கொண்டே போனால் குழாய் ஆழத்தில் இறங்கிவிடும். அங்கிருந்து நீரை மேலே ஏற்ற நீரேற்று நிலையம் வேண்டும். சிங்கப்பூரோ பெரும்பாலும் தாழ்நிலம். கடல் பொங்கும் வேளையில் ஆற்றுநீரே திரும்பி உள்ளே ஏறும். மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு என்று இரண்டையும் பிரித்தமைத்தது இந்நகரம் செய்த நல்ல முடிவுகளுள் ஒன்று. ஒன்றாக்கியிருந்தால் ஒவ்வொரு பெருமழையும் மலத்தை ஆற்றில் தள்ளியிருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் நிகழ்வதோ இயற்கையின் வேலையே. கழிவின் திடப்பொருள் தொட்டிகளில் படிகிறது. காற்றூட்டப்பட்ட நீரில் நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கை உண்கின்றன. படிந்த கசடு மூடிய கலன்களில் நொதித்து எரிவாயுவைத் தருகிறது.

தன்னாட்சிக்குப்பின் வேகம் பிறந்தது. உலு பாண்டான் சுத்திகரிப்பு நிலையம் 1961இல் செயல்படத் தொடங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகள் குழாய் இணைப்புடனே எழுந்தன. சிதறிக் கிடந்த கம்பத்து வீடுகளுக்குக் குழாய் கொண்டுசெல்வது கடினம். மக்களைக் குழாய் உள்ள இடத்துக்குக் கொண்டுவந்தனர் என்பதே பொருந்தும்.

1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு குறிக்கோளை வைத்தார். பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்பது அது. சுற்றுப்புற அமைச்சு பொறுப்பேற்றது. படிப்படியாக ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டன. காலாங் வடிநிலத்தில் இருந்த 610 பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோரம் விற்றுவந்த ஏறத்தாழ 5,000 அங்காடிக்காரர்கள், தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாறினர். ஆற்றை நிறைத்திருந்த ஏறத்தாழ 800 படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குச் சென்றன.

இவ்வெண்களுக்குப் பின்னே இழப்பும் உண்டு. பரம்பரையாகப் பன்றி வளர்த்தவர் அடுக்குமாடியில் அத்தொழிலைச் செய்ய முடியாது. படகோட்டிகள் இல்லாத படகுத்துறை இன்று உணவகங்களின் வரிசை. இழப்பீடு தரப்பட்டது, ஆனால் ஐம்பது வயதில் கைத்தொழிலை விட்டுப் புதிதாகத் தொடங்குவது இழப்பீட்டால் மட்டும் தீர்வதன்று. அப்படியிருந்தும் இத்திட்டம் சரியே. நீரால் பரவும் நோய் முதலில் தாக்குவது ஆற்றோரத்து ஏழையைத்தான்.

1987 ஜனவரியில் லோரோங் ஹாலுஸிலிருந்த கடைசி மலவாளி நிலையம் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆறுகளின் தூய்மை விழாவாகக் கொண்டாடப்பட்டது. முதலாவது நிகழ்ச்சிக்கு விழா எடுத்தவர் யாருமில்லை. வரலாற்று நோக்கில் அதுவே பெரியது.

பின்னர் வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 2001இல் கழிவுநீர்ப் பணி பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சேர்ந்தது. 2003இல் சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து ‘புதுநீர்’ வழங்கப்பட்டது. 2008இல் மரீனா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து நிறுத்த, ஒருகாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆறு குடிநீர்த் தேக்கத்தின் பகுதியாயிற்று. அதே காலத்தில் கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழ்சுரங்கக் குழாய் முடிந்தது. அதில் கழிவுநீர் தன் சரிவிலேயே ஓடுவதால் பழைய நீரேற்று நிலையங்கள் பலவற்றுக்கு வேலையில்லாமற் போயிற்று.

லோரோங் ஹாலுஸ் 1999வரை நகரின் குப்பைக்கிடங்காகவும் விளங்கியது. அங்கு 2011இல் ஒரு சதுப்புநிலம் திறக்கப்பட்டது. புதைந்த குப்பையினின்று கசியும் நீரை அங்குள்ள நாணலின் வேர்கள் வடிகட்டுகின்றன. அருகிலுள்ள சிராங்கூன் நீர்த்தேக்கத்தில் அந்த அழுக்கு கலப்பதில்லை.