அபின் மலையில் காப்பித் தோட்டம்

போதைப்பொருள் ஒழிப்பைப் பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகளில் ‘கடுந்தண்டனை வேண்டும்’ என்னும் வரி தவறாமல் இடம்பெறும். ஆயினும், வட தாய்லாந்தின் சியாங் ராய் மாநில வரலாற்றைப் படித்தபின் அவ்வரி மட்டும் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெக்கோங், ருவாக் ஆறுகள் கூடுமிடத்தில் தாய்லாந்து, மியன்மார், லாவோஸ் எல்லைகள் சந்திக்கின்றன. உலகம் ‘தங்க முக்கோணம்’ என அழைத்தது இவ்வட்டாரத்தையே. தாய்லாந்து அரசு 1959இலேயே அபின் விற்பனையைத் தடைசெய்தது. இருந்தும் மலைகளில் கசகசாச் செடி பூத்துக்கொண்டேதான் இருந்தது. (நாம் கறிக்கு அரைக்கும் கசகசா இச்செடியின் விதையே, அபின், அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்.) சாலையற்ற மலையில் முட்டைக்கோசு விளைவித்தால் சந்தைக்குச் சுமந்து செல்வதற்குள் வாடிவிடும். அபினோ எடை குறைவு; எளிதில் கெடாது; வணிகன் வாசலுக்கே வந்து வாங்குவான். ஆக்கா, லாகு முதலிய மலைமக்களில் பலருக்குக் குடியுரிமையும் இல்லை. குன் சா போன்ற படைத்தலைவர்கள் செல்வந்தராயினர். பயிரிட்டவர்கள் ஏழைகளாகவே இருந்தனர்.

மன்னர் பூமிபோல் 1969இல் மாற்றுப்பயிர்த் திட்டமொன்றைத் தொடங்கினார். 1988இல் அவர்தம் அன்னை ஸ்ரீநகரிந்திரா, எண்பது வயதைக் கடந்த நிலையில், டோய் துங் மலையில் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். என்னைக் கவர்ந்தது அத்திட்டத்தின் வரிசைமுறையே. சாலை, நீர், மருத்துவம், போதையடிமைகளுக்கு மறுவாழ்வு ஆகியவற்றுக்கே முதலிடம். மொட்டையாகிக் கிடந்த மலையில் மரம் நடுவதற்கு அம்மக்களுக்கே நாட்கூலி வழங்கப்பட்டது. காப்பியும் மெக்கடேமியாவும் நட்டவுடன் காய்ப்பவை அல்லவே! காய்க்கும்வரை அக்கூலிதான் அடுப்பெரித்தது. பின்னர், காப்பிக்கொட்டையை அப்படியே விற்றுவிடாமல் வறுத்துப் பொட்டலமிட்டு, ‘டோய் துங்’ என்ற பெயரிலேயே விற்றனர். மலைமீது அமைந்த மே ஃபா லுவாங் பூந்தோட்டம் சுற்றுப்பயணிகளை ஈர்த்தது. சீனப் படைவீரர்கள் குடியேறிய மே சலோங் இன்று ஊலோங் தேநீருக்குப் பெயர்பெற்ற ஊர். ஆற்றோரத்தில் அபின் வரலாற்றுக்கெனவே ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. ஆப்கானிஸ்தான் 2022இல் அபின் பயிரைத் தடைசெய்தபின், 2023இல் மியன்மார் உலகின் மிகப் பெரிய அபின் உற்பத்தி நாடானதாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்தது. அத்துடன், நம் நாட்டில் ‘சியாபு’ எனப்படும் மெத்தம்பெத்தமினும் அங்கே பெருமளவில் தயாராகிறது. அதற்கு நிலமும் வேண்டாம், மழையும் வேண்டாம். அதன் இடத்தில் காப்பிச் செடியை நட்டு மாற்றவும் இயலாது.