பறக்கும் தெள்ளு: சாமானியர் விமானம் கட்டிய வரலாற்றில் ஓர் அத்தியாயம்

விமானத்தின் வரலாறு பெரும்பாலும் அரசுகளினதும் பெரு நிறுவனங்களினதும் போர்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் அதன் தோற்றுவாயை நோக்குமிடத்து நிலைமை வேறாகவே காணப்படுகின்றது. 1903 ஆம் ஆண்டு டிசெம்பரில் கிற்றி ஹோக் மணற்பரப்பில் எழுந்த விமானத்தை ஆக்கியோர் துவிச்சக்கர வண்டிக் கடை நடத்திய இரு சகோதரர்களாவர். பாரிசில் வாழ்ந்த பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன் மூங்கிலும் பட்டுத் துணியும் கொண்டு 'தெமுவாசெல்' எனுஞ் சிறு விமானத்தை ஆக்கி, அதற்கு உரிமைக் காப்பு எதுவும் பெறாது, விரும்பிய எவரும் கட்டிக் கொள்ளலாம் என விட்டுவிட்டார். 1910 இல் 'பொப்பியுலர் மெக்கானிக்ஸ்' என்ற அமெரிக்கச் சஞ்சிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. அக்காலத்தில் விமானம் பட்டறைக்காரனின் பொருளாகவே இருந்தது எனலாம்.

முதலாம் உலகப் போர் இந்நிலையை மாற்றிற்று. விமானம் ஆலைப் பொருளாயிற்று. அரசின் சான்றிதழ் பெறாது பறத்தல் குற்றமாயிற்று. 1925 இல் வெளிவந்த டி ஹவிலன்ட் நிறுவனத்தின் 'மொத்' விமானம் பொதுமக்களுக்கானது எனப் போற்றப்பட்டது. அதன் விலையோ பல நூறு பவுண். சாதாரண எழுதுவினைஞர் ஒருவரின் ஓராண்டு ஊதியத்தை விஞ்சிய தொகை அது. அந்தப் பொதுமக்கள் யாவர் என்பதை அவ்விலையே கூறிவிடுகின்றது.

இவ்விடைவெளியை நிரப்ப முயன்றோரில் சிகாகோவைச் சேர்ந்த எட்வேட் ஹீத் குறிப்பிடத்தக்கவர். அவர் தமது 'பரசோல்' விமானத்தின் பாகங்களைத் தொகுதி தொகுதியாக விற்றார். வாங்குவோர் கைக்குப் பணம் வரவர ஒவ்வொரு தொகுதியாகப் பெற்றுப் பொருத்திக் கொள்ளலாம். பொதியாக வாங்கி வீட்டிற் கட்டும் விமானம் என்ற எண்ணம் வணிக வடிவம் பெற்றமை இங்கேயே. 1931 இல் புதிய விமானமொன்றைப் பரீட்சிக்கையில் ஹீத் உயிரிழந்தார். அவரது நிறுவனம் கைமாறி, இரண்டாம் உலகப் போரின் பின் 'ஹீத்கிற்' என்ற பெயரில் இலத்திரனியற் கருவிப் பொதிகளை விற்றுப் புகழ்பெற்றது. அப்பொதிகளை வாங்கி ஒட்டிப் பொருத்திய வானொலி ஆர்வலர் பலர் அப்பெயர் ஒரு விமானமோட்டியின் பெயர் என்பதை அறியார்.

எனினும் சாமானியனின் விமானம் என்ற கனவு பேரியக்கமாகியது பிரான்சிலேயாகும். அதன் நாயகர் ஹென்றி மினியே. 1893 இல் பிறந்த அவர் வானொலி, மின் துறைகளில் ஈடுபட்டவர்; விமானப் பொறியியல் கற்றவரல்லர். 1920களிற் பல விமானங்களை ஆக்கிப் பார்த்தார். அவற்றுட் பல பறக்கவில்லை. 1928 ஆம் ஆண்டளவில் ஆக்கிய எட்டாவது மாதிரி, அக்கால வழக்கிலமைந்த ஒற்றைச் சிறகு விமானம், நன்கு பறந்தது. பிறரும் அதனைப் பின்பற்றிக் கட்டினர். மினியேயின் மனம் அதில் அமைதி கொள்ளவில்லை. கையாற் கோலையும் காலால் மிதிகளையும் ஒருங்கிணைத்து இயக்கும் வழமையான முறை அவருக்குக் கைவரவில்லை. குறை தமதன்று, முறையினதே என அவர் முடிவு செய்தார். இம்முடிபு தன்னலச் சார்புடையதாகத் தோன்றலாம். எனினும் புதுமைகள் பலவற்றின் பின்னால் இத்தகைய பிடிவாதமே நிற்கின்றது.

1933 செப்டெம்பர் 10 ஆந் திகதி சுவாசோன் நகருக்கு அண்மையிலுள்ள வெளியொன்றில் அவரது பதினான்காவது மாதிரி பறந்தது. இரு சிறகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருந்தன. முன்சிறகு சற்று மேலே, பின்சிறகு சற்றுக் கீழே. முன்சிறகின் அகலம் ஏறத்தாழ 6 மீற்றர். முழு விமானத்தின் நீளம் 4 மீற்றருக்கும் குறைவு. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை ஒத்த, 500 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 20 பரிவலுவுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட இயந்திரமொன்று அதனை இழுத்தது. வழமையான விமானத்திற் சிறகோரங்களிலும் வாலிலும் காணப்படும் அசையுந் தகடுகள் இதில் இல்லை. கால் மிதிகளும் இல்லை. கோலை முன்னும் பின்னும் அசைத்தால் முன்சிறகு முழுவதுமே சாய்வு மாறும். பக்கவாட்டில் அசைத்தாற் சுக்கான் திரும்பும். அவ்வளவே. தச்சுவேலை சிறிது அறிந்தவர் மரம், ஒட்டுப்பலகை, துணி, பசை ஆகியவற்றைக் கொண்டு கட்டி முடிக்கலாம்.

இதற்கு அவர் இட்ட பெயர் 'ஆகாயப் பேன்' எனப் பொருள்படும். மலிவான ஃபோர்ட் மோட்டார் வண்டியைப் பிரெஞ்சு மக்கள் 'வீதிப் பேன்' எனக் கேலியாக அழைத்தனர். எங்குங் காணப்பட்டது, கறுப்பானது, குறுகிய வீதியில் முந்திச் செல்லவிடாதது. அவ்வண்டி வீதியை நிறைத்தது போலத் தம் விமானம் வானை நிறைக்கும் என்பது மினியேயின் எதிர்பார்ப்பு. ஆங்கிலேயர் பேனைத் தெள்ளாக்கிப் 'பறக்கும் தெள்ளு' என்றனர். மொழிபெயர்ப்பிலும் பூச்சி பூச்சியாகவே இருந்தமை ஆறுதலே.

1934 இல் மினியே தமது ஆக்கத்தை வரைபடங்களுடன் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு பிரித்தானியப் பேரரசின் வான் கழகம் அதனை ஆங்கிலத்தில் வெளியிட, பிரதிகள் விரைவில் விற்றுத் தீர்ந்தன. இவ்வரவேற்பின் காரணங்கள் ஆராயத்தக்கன. பொருளாதாரப் பெருமந்தத்தின் பின்னான அவ்வாண்டுகளில் ஓய்வு நேரமும் கைத்திறனும் படைத்த கீழ்நடுத்தர வர்க்கத்தினர் பலர் இருந்தனர். பறத்தல் அவர்களது கண்முன் நிகழ்ந்தது, கைக்கெட்டவில்லை. நூறு பவுணுக்கும் குறைந்த செலவில் விமானம் என்ற செய்தி அவர்களை ஈர்த்தமை இயல்பே. வான் கழகத்தின் நோக்கமோ வேறு. ஜேர்மனி வான்படையை மீளமைத்துக் கொண்டிருந்த வேளையில் இளைஞரிடையே பறப்பார்வத்தைத் தூண்டுவது பேரரசின் பாதுகாப்புக்கு உகந்தது என அது கருதியது. சாமானியனின் கனவும் பேரரசின் கணக்கும் ஒரே நூலிற் சந்தித்தன.

1935 யூலையில் ஸ்ரீபன் அப்பிள்பி என்பாரின் தெள்ளு ஹெஸ்டன் விமானத்தளத்தில் முதல் 'பறப்பு அனுமதி'யைப் பெற்றது. இவ்வனுமதி ஒரு புதுமை. வழமையான வானேற்புத் தகுதிச் சான்றிதழுக்கு வேண்டிய கணிப்புகளும் பரிசோதனைகளும் இதற்கு வேண்டப்படவில்லை. அரசு ஆர்வலரை நம்பிற்று. ஆர்வலர் நூலை நம்பினர். நூல் மினியேயின் அனுபவத்தை நம்பிற்று. ஓகஸ்ட் 13 ஆந் திகதி மினியே தாமே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கியபோது எழுந்த ஆரவாரம் கொஞ்சநஞ்சமன்று. பிரித்தானியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தெள்ளுகள் பதிவு செய்யப்பட்டன. பதியப்படாது கொட்டகைகளிற் கட்டப்பட்டவை வேறு. சில நிறுவனங்கள் பாகங்களையும் முழுமையான விமானங்களையும் விற்கத் தொடங்கின. ஃபோர்ட் காரின் இயந்திரத்தை மாற்றியமைத்தோரும் உளர்.

ஆனாற் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் விபத்துகள் தொடர்ந்தன. 1936 வசந்தகாலத்தில் இங்கிலாந்தில் நேர்ந்த மரணங்கள் ஓர் ஒற்றுமையைக் கொண்டிருந்தன. விமானம் மூக்கைத் தாழ்த்திச் சரியும், சரிவு செங்குத்தாகும், மீளாது தரையில் மோதும். இறந்தோருள் வான்படையிற் பயின்ற விமானிகளும் இருந்தனர். பயிற்சியற்றோரின் கவலையீனமே காரணம் எனச் சொல்லித் தப்புவது இதனால் இயலாதாயிற்று. ஆயினும் அவ்வாண்டு ஓகஸ்டில் ராம்ஸ்கேற்றில் தெள்ளுகளுக்கெனச் சர்வதேசப் போட்டியொன்று நடைபெற்றமை ஆர்வத்தின் வேகத்தைப் புலப்படுத்துகின்றது.

இறுதியில் பிரித்தானியர் ஃபான்பறோவிலும் பிரெஞ்சுக்காரர் ஷாலே மெதோனிலும் இருந்த பெருங் காற்றுச் சுரங்கங்களில் முழு விமானத்தையே நிறுத்திச் சோதித்தனர். வெளிப்பட்ட உண்மை சற்று விரிவாக நோக்கத்தக்கது. மினியே இரு சிறகுகளையும் வேண்டுமென்றே நெருக்கி அமைத்திருந்தார். முன்சிறகின் பின்விளிம்புக்கும் பின்சிறகின் முன்விளிம்புக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய இடைவெளியூடாகக் காற்று விரைந்து செல்லும். அதனாற் பின்சிறகு உயர்த்து விசையை இலகுவில் இழக்காது. விமானம் சுழன்று விழாது. மெதுவான பறப்பில் இது உண்மையே. அக்காலத்திற் புதிய விமானிகள் பலரைக் கொன்ற சுழல் வீழ்ச்சியை மினியே இவ்வாறு ஒழித்துவிட்டார் என்பது பொய்யன்று. ஆனால் விமானம் செங்குத்தாகச் சரியும்போது விமானி இயல்பாகவே கோலைப் பின்னிழுப்பார். முன்சிறகின் சாய்வு கூடும், அதன் பின்விளிம்பு தாழ்ந்து இடைவெளியை மேலும் ஒடுக்கும், பின்சிறகின் மேற்பரப்பிற் காற்றின் விரைவு கூடி, அதன் உயர்த்து விசை பெருகும், வால் உயரும், மூக்கு மேலும் தாழும். ஒரு குறித்த கோணத்தைக் கடந்த பின், மீட்பதற்கென இழுக்கும் கோலே வீழ்ச்சியை உறுதிப்படுத்திற்று. ஈர்வை மையம் சிறிது பின்னே அமைந்துவிட்ட விமானங்களில் இவ்வபாயம் இன்னும் அதிகம். வெவ்வேறு இயந்திரங்களைப் பொருத்தித் தம் கைப்போக்கிற் கட்டியோரிடம் அம்மையம் எங்கே அமைந்தது என்பதை அளந்து பார்க்கும் வழக்கமும் குறைவே.

சோதனை முடிவுகளின் பின் பிரித்தானிய விமான அமைச்சு இவ்வகை விமானத்துக்கு அனுமதி வழங்குவதை நிறுத்திக் கொண்டது. போர் நெருங்கியபோது எஞ்சியவை கொட்டகைகளில் ஒடுங்கின.

மினியேயை ஏமாற்றுக்காரர் என்று தீர்ப்பவரும் உளர். அதிகார வர்க்கத்தாற் பலியிடப்பட்ட மேதை எனப் போற்றுவோரும் உளர். இரு கூற்றும் பொருந்துவனவல்ல. தாம் கட்டிய விமானத்திலேயே கால்வாயைக் கடந்தவர் பிறரை ஏமாற்றினார் எனல் இயலாது. அதேவேளை, ஒருவர் தமது ஒரு விமானத்திற் சில மணித்தியாலங்கள் பறந்து கண்டதை நூல்வழி ஆயிரக்கணக்கானோருக்கு வழங்குகையில், அவர் கண்டிராத தவறும் அத்தனை மடங்காகப் பெருகுகின்றது. பட்டறையில் ஒருவனைக் கொல்லும் பிழை அச்சேறியதும் பலரைக் கொல்லும். காற்றுச் சுரங்கம் 1935 இலும் இருந்தது என்பதே இவ்வரலாற்றில் மிகக் கசப்பான செய்தி. அனுமதி வழங்கிய அரசு சோதனையை மரணங்களின் பின்னரே நடத்தியது. பழியின் பெரும்பங்கு அங்கேயே சேரவேண்டும்.

மினியே தம் கொள்கையைக் கைவிடவில்லை. இடைவெளியையும் சிறகுகளின் அளவையும் ஈர்வை மையத்தையும் திருத்திப் புதிய மாதிரிகளை ஆக்கினார். ஆர்ஜென்ரீனா, ஜப்பான், மொறொக்கோ எனப் பல நாடுகளில் அலைந்தார். 1965 இற் காலமானார். திருத்தப்பட்ட அவ்வழித்தோன்றல்கள் பிரான்சில் இன்றும் பறக்கின்றன. இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனிலுள்ள ஷட்டில்வொர்த் சேகரிப்பில் அக்காலத் தெள்ளு ஒன்று பேணப்படுகின்றது. அது தரையில் ஓடவிடப்பட்டதுண்டு; பறக்கவிடப்படுவதில்லை.

போரின் பின் அரசும் ஆர்வலரும் வேறொரு முறையிற் சந்தித்தனர். பிரித்தானியாவில் 1946 இல் அமைந்த அதியிலகு விமானச் சங்கம் (அதுவே பின்னர் பெயர் மாறி இன்றுவரை இயங்கி வருவது) வரைபடங்களைப் பரிசீலிப்பதையும் கட்டுமானத்தைப் படிப்படியாகப் பார்வையிடுவதையும் தன் பொறுப்பாக்கிற்று. ஐக்கிய அமெரிக்காவில் 1953 இல் போல் பொபெரெஸ்னி தொடக்கிய பரீட்சார்த்த விமானச் சங்கம் பல்லாயிரவரைத் திரட்டியது. 1970களின் நடுவில் பேர்ட் ருற்றான் நுரைப்பொருளையும் கண்ணாடி இழையையும் கொண்டு கட்டும் 'வரியீசி' விமானத்தின் வரைபடங்களை விற்றார். 1985 இல், வழக்குகளுக்கு அஞ்சி, வரைபட விற்பனையையே நிறுத்தினார். மினியேயின் காலத்தில் எவரும் எழுப்பாத பொறுப்பு வினா இப்போது நீதிமன்ற வாயிலில் நின்றது.

1971 இற் பறந்த றிச்சட் வான்குறூன்ஸ்வெனின் ஆர்.வி.3 விமானத்திலிருந்து வளர்ந்த பொதிகளோ பெருவெற்றி பெற்றன. அவ்வகையில் 11,000 இற்கும் மேற்பட்டவை கட்டிப் பறந்துள்ளன. துளைகளும் ஆலையிலேயே இடப்பட்டு வரும் அலுமினியத் தகடுகளைக் கட்டுவோர் தறைந்து பொருத்துவர். 2023 இல், லேசரால் வெட்டப்பட்ட சில பாகங்களின் துளையோரங்களில் வெடிப்புகள் தோன்றுவதைக் கட்டுவோரே கண்டனர். பிற நெருக்கடிகளும் சேர, அவ்வாண்டு டிசெம்பரில் நிறுவனம் கடன் மீளமைப்புக்கு நீதிமன்றை நாடி, 2024 இல் மீண்டது. இம்முறை பிழை வானிலன்றி வேலைமேசையிலேயே அகப்பட்டமை கருத்திற் கொள்ளத்தக்கது.

அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய விமானத்தின் பெரும்பகுதி வேலையை ஆர்வலர் தாமே, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, செய்திருத்தல் வேண்டும். முதற் பறப்புகள், வழமையாக 25 அல்லது 40 மணித்தியாலங்கள், குறித்த எல்லைக்குள் பரீட்சார்த்தமாக நடைபெறும். வழமையான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு இது அமையாதது என்ற அறிவித்தல், ஏறுவோர் காணுமாறு உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். முதன்மையாகக் கட்டியவர் தம் விமானத்தை ஆண்டுதோறும் தாமே பரிசோதிக்கும் சான்றிதழைப் பெறலாம். அதனை விற்றால், வாங்குபவருக்கு அவ்வுரிமை செல்லாது.