கலம் வேறு, மரம் வேறு

இராயபுரம், காசிமேட்டுப் பக்கம் எந்த மேடையில் கடல் பேச்சு எழுந்தாலும், சோழர் இரட்டை உடல் கட்டுமரங்களில் போய்க் கடாரம் வென்றதாக ஒருவர் சொல்லிவிடுகிறார், கைதட்டலும் விழுகிறது. ஆங்கிலக் 'கேட்டமரான்' இன்று இரட்டை உடல் படகைக் குறிப்பதால் நம் கட்டுமரமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்கிற தலைகீழ்க் கணக்கு இது. 1025 படையெடுப்பைச் சொல்லும் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் இருப்பது கலம், கட்டுமரம் அன்று.

கலம் என்றால் உள்ளே கொள்ளிடம் உண்டு. சோறுண்ணும் கலமும் கடலோடும் கலமும் ஒரே சொல்லானது அதனால்தான். கட்டுமரத்துக்கோ வயிறே கிடையாது. எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். மேலே ஏறிய அலை இடுக்கு வழியே இறங்கிவிடும். நீர் இறைக்கும் வேலையே இல்லை. கரையேறியதும் கட்டவிழ்த்துத் தடிகளை உலர்த்துவார்கள். துறைமுகம் வருமுன், வெளியே நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. இன்று எண்ணூர் வரை ஃபைபர் போட்டுகள் நிறைந்துவிட்டன. ஆனாலும் பழைய மீனவர் வாயில் கட்டுமரம் வெறும் 'மரம்'. அது கலம் அன்று என்பதற்கு எனக்கு அந்தச் சான்று போதும். தோணியைத் தோண்டுதலோடு சேர்ப்பதும் பொருந்தும்: குடைந்தது தோணி, கட்டியது மரம்.

ஆங்கிலேயர் சொல்லை மட்டும் கொண்டுபோனார்கள். 1697இல் ஆங்கிலக் கடலோடி டாம்பியர் சோழமண்டலக் கரையின் தெப்பத்துக்கு இப்பெயரை எழுதியபோது பொருள் சரியாகவே இருந்தது. 1804இல் புலோன் துறையில் பிரெஞ்சுக் கப்பல்கள் மேல் ஏவிய வெடிப்பெட்டிக்கும் அதே பெயர். சண்டைக்காரப் பெண்ணையும் அப்படியே அழைத்தார்கள்! 1876இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஹெர்ரஷாஃப் கட்டிய இரட்டை உடல் பாய்ப்படகு நியூயார்க் பந்தயத்தில் எல்லாவற்றையும் முந்திய பிறகே இன்றைய பொருள் வேரூன்றியது. அந்த அமைப்புக்கு உரியவர்கள் பசிபிக் தீவினர்.



மெய்க்கீர்த்தியில் கட்டுமரம் இல்லையென்றால், சங்கப் புலவரும் அதை அறியாரா? அகநானூற்றிலும் நற்றிணையிலும் பரதவர் மீன்பிடிக்கப் போவது திமிலில். வங்கமும் நாவாயும் பொருள் ஏற்றுபவை. திமில் காளையின் முதுகிலும் உண்டு. உட்குழிவில்லாமல் திரண்டெழுந்த தசை அது. படகு என்று பொதுப்படப் பொருள் எழுதிக் கடந்துபோவது போதாது. திமில் என்பது கட்டுமரமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.