சேர்வராயன் மலை உணவும் காப்பியும்

சேர்வராயன் மலை உணவு என்பது, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்திலுள்ள சேர்வராயன் மலையில் விளையும் உணவுப்பொருள்களையும், அங்கு வழங்கும் உணவுப் பழக்கங்களையும், அவற்றை வாங்கி விற்கும் முறைகளையும் குறிக்கும். இம்மலையின் முதன்மை ஊர் ஏற்காடு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு விளையும் காப்பியும் மிளகும் பெரும்பாலும் மலையை விட்டு வெளியே செல்கின்றன. இங்கு உண்ணப்படும் அரிசியும் பருப்பும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து மேலே வருகின்றன.

மலையாளிகளின் உணவு

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்து மலையாளிகளுடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களது வாய்வழி மரபு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியன இவர்களின் பழைய பயிர்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, மொச்சை, அவரை, கீரை வகைகள் ஆகியவற்றைக் கொண்டது மரபான உணவு.

நியாயவிலைக் கடை அரிசி இதனை மாற்றியது. தமிழ்நாட்டில் 2008இல் கிலோ 1 ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்படுகிறது. பசியைப் போக்கியதில் இதன் பங்கு பெரிது. ஆயினும், விதைத்து, அறுத்து, உரலில் குற்றி உமி நீக்க வேண்டிய சாமைக்கு, கடையில் கிடைக்கும் அரிசியுடன் போட்டியிடுவது எளிதன்று. ஒரு காலத்தில் அன்றாடச் சோறாக இருந்த சாமை இன்று நகரத்துக் கடைகளில் அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகிறது.

காப்பி

1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகம் செய்தார். பேரி, ஆப்பிள் ஆகிய பழமரங்களைக் கொண்டுவந்தவரும் அவரே. இங்கு விளைவது பெரும்பாலும் அராபிக்கா வகை. சில்வர் ஓக் போன்ற நிழல் மரங்களின் கீழ்ச் செடிகள் வளர்கின்றன. அம்மரங்களின் மீது மிளகுக்கொடி ஏற்றப்படுகிறது. கோடை மழைக்குப் பின் செடிகள் பூக்கும். நவம்பர் தொடங்கிப் பழம் பறிப்பர்.

ஏற்காட்டில் இன்று காணும் 'தோட்டத்துக் காப்பித்தூள்' விற்பனை அவ்வளவு பழையதன்று. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி, தோட்டக்காரர் தம் வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் உரியது போக, எஞ்சிய விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியம் அதனை விற்றுத் தவணைகளில் பணம் வழங்கியது. தம் காப்பியைத் தாமே விலைபேசும் உரிமை விளைவித்தவருக்கு இல்லை. இக்கட்டுப்பாடு 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றிலும் நீங்கியது. அதன் பின்னர் உலகச் சந்தை விலையின் ஏற்ற இறக்கமும் தோட்டக்காரரையே சேர்ந்தது என்பதையும் கருத வேண்டும்.

காப்பித்தூள் வாங்குதல்

கடைகளில் வழங்கும் சில சொற்களை அறிந்திருப்பது பயன்தரும். பழத்தின் சதையை நீக்கி நீரில் கழுவி உலர்த்திய அராபிக்கா 'பிளான்டேஷன்' எனப்படும். பழத்தை அப்படியே உலர்த்தினால் அது 'செர்ரி'. வழக்கமாக ஒரு பழத்தில் இரு கொட்டைகள் இருக்கும்; ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது 'பீபெரி'.

காப்பித்தூளுடன் சிக்கரி கலப்பது சட்டப்படி குற்றமன்று. ஆனால் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். இரண்டின் அளவும் பொட்டலத்தில் குறிக்கப்பட வேண்டும். ஐயமிருப்பின், ஒரு குவளைக் குளிர்நீரில் சிறிது தூளைத் தூவலாம். காப்பி மிதக்கும், சிக்கரி பழுப்பு நிறக் கோடுகளை விட்டவாறு விரைவில் அடியில் இறங்கும். தோட்டங்கள் சூழ்ந்த ஊரிலும் தேநீர்க்கடைக் காப்பியில் சிக்கரி இருக்கக்கூடும். தடித்த கசப்பான டிகாக்‌ஷனை விரும்புவோர் அதனைக் குறையாகக் கொள்வதில்லை.

கடைத்தெருவில்

ஏரியைச் சுற்றியுள்ள கடைகளில் மிளகாய் பஜ்ஜி முதன்மையானது. குளிரும் பனிமூட்டமும் அதன் விற்பனைக்குத் துணை. பலா, கொய்யா, பேரி, கமலா ஆரஞ்சு ஆகியவை பருவத்திற்கேற்பச் சாலையோரத்தில் கிடைக்கும். மிளகையும் ஏலக்காயையும் முகர்ந்து பார்த்து வாங்குவது நன்று.

முடவாட்டுக்கால் கிழங்கும் இங்கு விற்கப்படுகிறது. ஆட்டுக்கால் போன்று மென்மயிர் போர்த்திருப்பதால் இப்பெயர். கிழங்கு என்று சொல்லப்பட்டாலும், இது பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் டிரைனாரியா குவர்சிஃபோலியா என்னும் பன்னத்தின் தண்டாகும். தோல் சீவி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துச் சாறு வைப்பர். மூட்டுவலிக்கு நல்லது என்பது மக்களின் நம்பிக்கை. இது பயிரிடப்படுவதன்று, காட்டிலிருந்து பறிக்கப்படுவது. சுற்றுலாப் பயணிகள் பைநிறைய வாங்கிச் செல்லும்போது, பாறையில் மீண்டும் தளிர்க்க எஞ்சும் தண்டு குறைகிறது.